கிணற்றுக்காக ஒரு மனு

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளில் குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் எனக்குக் குமாஸ்தா வேலை. தோல் ஊறிய தொட்டிகளின் கழிவுநீரைத் திறந்துவிடும் நேரத்தை நோட்டில் குறிப்பதும் அதில் சேர்ந்தது. அந்த நீர் வாய்க்கால் வழியாக எங்கள் தெருவின் பின்பக்கம் ஓடும். என் சட்டையில் வீசிய நாற்றத்தை அன்று யாரும் குறை சொன்னதில்லை. "சார், என் தம்பிக்கும் அங்க ஒரு வேலை பார்த்துக் குடுங்களேன்" என்று வீடு தேடி வருவார்கள்.

கிணறுகள் கரிக்கத் தொடங்கின. பருப்பு வேகவில்லை. தெருப் பெண்கள் மளிகைக்கடைக்காரரைத்தான் ஏசினார்கள். "இன்னாய்யா, கல்லை வித்துகினு கீறியா?" என்று ஒருத்தி பருப்பை அவர் முன்னாலேயே கொட்டினாள். பாவம், அவர் பருப்பு வாங்கும் மண்டியை மாற்றிப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை.

பத்து வருஷத்தில் பேச்சு மாறியது. மாசு என்ற சொல் பேப்பரில் அடிக்கடி வந்தது. அடுத்த வீட்டு டீச்சர் ஷெட்டுக்கு எதிராக ஹெல்த் ஆபீஸருக்கு மனு எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே எங்களிடம் வந்தார்.

"நீங்க கையெழுத்துப் போடணும் சார். உள்ளே வேலை செய்யறவர் போட்டாதான் ஆபீஸர் நம்புவார்."

"தெரிஞ்சா வேலை போயிடும் டீச்சர்."

"அந்தத் தண்ணியைத்தானே சார் நீங்களும் குடிக்கிறீங்க?"

என் மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "குடுங்க டீச்சர், நான் போடறேன்."

"கையெழுத்துக்குப் பக்கத்துல உங்க வீட்டுக்காரர் பேரையும் எழுதணுமேம்மா."

மனுவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கப்பா பேரை எழுதறேன். செத்துப்போனவர் வேலையை யாரு புடுங்கப் போறா?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துத் தகப்பன் பெயரோடு கையெழுத்திட்டாள். கதவு எண் மட்டும் எங்களுடையதுதான். டீச்சர் அதைக் கவனித்தார். காகிதத்தை மடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஏழரை மணிச் சங்குக்கு ஷெட்டுக்குப் போனேன். பத்து மணிக்குத் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். நோட்டில் நேரத்தை எழுதினேன்.