டிரம்ஸுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்

சிட்னியிலிருந்து ஒரு பகல் முழுக்கக் காரில் வந்து, மெல்பர்னில் ஒரு தேவாலய மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மேடையில் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கிறார்கள். கணவர் பேஸ் கிட்டாரோடு நிற்கிறார். என் மடியில் எட்டு மாத மகள். காதில் பஞ்சு வைக்கலாமா, எடுத்து வாயில் போட்டுக்கொள்வாளா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்று கோஸ்பல் என்ற தேவாலயப் பாட்டும் சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையும் பாடப்போகும் மெல்பர்ன்காரி ஜெனிற்றா பக்கத்தில் வந்து அமர்கிறாள்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. அம்மா சேர்ச் பாடகர் குழுவில, கொயர்ல பாடேக்க என்னை டிரம்ஸுக்குப் பக்கத்திலதான் படுக்க விடுவா. ஏழு வயசில நானும் கொயர்ல சேர்ந்திட்டன். பிறகு கலியாண வீடுகளில சோல் பாட்டு. இப்ப இதுதான் வேலை.”

“காதுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இடது காது கொஞ்சம் மந்தம்தான்,” என்று சிரிக்கிறாள். “அதான் டிரம்மரை எப்பவும் வலப்பக்கம் இருத்திறனான்.”

அவள் மேடையேறியதும் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறேன். தப்பாக நினைப்பாளோ? கணவர் எங்கள் காலி நாற்காலியைப் பார்ப்பாரே? கதவை இறுகச் சாத்துகிறேன். உள்ளே அவள் முதல் வரியை எடுக்கிறாள். மகளின் கால்கள் என் இடுப்பில் தாளத்தோடு உதைக்கின்றன.

கதவை ஒரு விரல் அளவு திறக்கிறேன்.