சூளைப் பஞ்சுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, செராமிக் டிப்ளமோ படிக்கிற மாணவர்கள் இரண்டு பேர். மாணவர்களில் ஒருவன் ஒல்லி, இன்னொருவன் கண்ணாடி போட்டவன். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்குகிறாரா முழித்துவிட்டாரா என்பதில்தான் அப்போது என் பிழைப்பே இருந்தது.

விருத்தாசலத்தில் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து கேம் சென்டர் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்கு மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் கம்ப்யூட்டர் சென்டர் வைக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பெருமைப்பட்டார்கள். அந்தப் பெருமைதான் எனக்குப் பயம். மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் பஜாரில் வாங்கியவை, அவை பாட்டுக்கு ஓடும். நாலாவதாக வந்ததுதான் வினை. கேமுக்கென்றே செய்த மெஷின். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, நாலு ஃபேன். முன்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் நாலு ஃபேனும் கூடும், குறையும். ஒரு மணி நேரத்துக்கு மற்றதைவிட இரண்டு மடங்கு காசு கொடுத்து அதில்தான் உட்காருவார்கள். அந்த ஒரு மெஷினை நம்பித்தான் கடை ஓடியது.

அதைக் கொண்டுவந்து மாட்டிய என்ஜினியர் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். திரையின் மூலையில் ஒரு நம்பர் தெரியும், மெஷினுக்குள் இருக்கிற சூடு, அது எழுபதுக்கு மேல் போனால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொள்வது என்றால் எதைப் பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஒன்பதாவது என்று தெரிந்துவிடுமே. ஆகவே பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையில் எதிரிகள் செத்து விழுவார்கள், கார்கள் கவிழும், எனக்கு ஒன்றும் தெரியாது. மூலையில் இருக்கிற நம்பர்தான் எனக்குத் தெரியும். அறுபத்தாறு. அறுபத்தேழு. அறுபத்தெட்டில் எனக்கு வியர்க்கும். எட்டிப் போய்த் திருகை ஏற்றுவேன். ஃபேன் மாவு மில் மாதிரி கத்தும். நம்பர் இறங்கும். உடனே சுவருக்கு அந்தப் பக்கத்து ஞாபகம் வரும். திருகை இறக்குவேன். ஃபேன் முனகி அடங்கும். நம்பர் ஏறும்.

விளையாடுகிறவனின் முழங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து இதைச் செய்வேன். "அண்ணா, கைய எடுங்கண்ணா, சாவப் போறேன்" என்று கத்துவார்கள். அவர்கள் சாவது திரையில். நான் சாவது வெளியில்.

இதற்கு நடுவில் தூசி வேறு. இந்த ஊர்க் காற்றில் களிமண் மாவு இருக்கிறது. காலையில் துடைத்து வைத்த ஃபேன் றெக்கை சாயங்காலம் பவுடர் பூசிக்கொண்டு நிற்கும். பெயிண்ட் பிரஷ் ஒன்றை வாங்கி, தினமும் றெக்கை றெக்கையாகத் தட்டுவேன். மூக்கு ஒட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தும் அதே மாவு என்னை விடவில்லை.

வீட்டுக்காரர் நெய்வேலிச் சுரங்கத்தில் பெரிய மண்வெட்டி மெஷின் ஓட்டுகிறவர். பாதி மாதம் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் மத்தியானம் மூன்று மணி வரை தூங்குவார். நல்ல உயரம், தடித்த மீசை. நான் அவரிடம் நேராக நாலு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் அவர் மனைவி மூலமாகத்தான் வரும். அந்தம்மா மாதா கோயிலுக்குப் போய்வந்த கையோடு, தலையில் முக்காட்டை எடுக்காமலே வாசலில் வந்து நிற்பார். முதல் மாதம், "ஒங்க மெசினு சத்தத்துல அவரு தூங்க மாட்றாரு தம்பி" என்றார். இரண்டாவது மாதமும் அதையே சொன்னார். மூன்றாவது மாதம் பேச்சு மாறியது. சத்தம் குறையாவிட்டால் மாதக் கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முன்பணம் கொடுத்து இன்னொரு அறை பிடிக்க என்னிடம் எதுவும் இல்லை. அறை போனால் கடை போகும். கடை போனால் திரும்பவும் மூக்கு.

யோசித்து யோசித்து மைத்துனனிடம் சொன்னேன். அவன் சூளையில் வேலை பார்க்கிறவன். எதற்கும் தயங்காத ஆள். "விடுங்க மாமா, எங்கிட்ட ஒரு சரக்கு இருக்குது" என்றான். அடுத்த நாள் ஒரு சாக்கில் வெள்ளை வெளேரென்று கம்பளி மாதிரி ஒன்றை அமுக்கிக் கொண்டுவந்தான். சூளைச் சுவருக்கு உள்ளே ஒட்டுகிற பஞ்சு. மீந்த துண்டுகளைத் தூக்கித்தான் போடுவார்களாம், சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"சத்தம் வெளிய வராது. சூடும் தாங்கும். ஆயிரம் டிகிரி தாங்கும் மாமா, ஒங்க எழுவது எந்த மூலைக்கு?"

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆயிரம் எங்கே, எழுபது எங்கே. இரண்டு பேரும் உட்கார்ந்து பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்தோம். உள்ளே நாலு பக்கமும் மேலேயும் பஞ்சை ஒட்டினோம். பஞ்சு சூட்டைத் தடுக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பக்கத்துச் சூட்டை என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. சூளைக்கு வெளியே நின்று பழகியவர்கள் நாங்கள்.

என் மனைவிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காத்து எப்புடிங்க போவும்?" என்று கேட்டாள். ஒயர் போகிற ஓட்டை இருக்கிறதே என்றேன். அந்த ஓட்டையில் ஒயர் போகிறதே என்றாள். இதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டேன். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள்.

அன்று காலை பத்து மணி வாக்கில் மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். ஒல்லியும் கண்ணாடியும் வந்து உட்கார்ந்தார்கள். ஆன் செய்தேன். சத்தமே இல்லை. எங்கேயோ தூரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். மைத்துனன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். நான் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கமும் சத்தமில்லை. எத்தனையோ நாள் கழித்து ஒரு டீயை ஆறுவதற்குள் குடித்தேன்.

டீ டம்ளரைக் கீழே வைக்கும்போது மூலையில் நம்பர் எழுபத்திரண்டு. கை தானாகத் திருகைத் தேடிப் போனது. திருகு பெட்டிக்குள் இருந்தது. ஆயிரம் தாங்கும் என்று சொல்லிக்கொண்டேன். எழுபத்தெட்டு. மைத்துனனைப் பார்த்தேன். அவன் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்பத்தைந்து. ஒல்லி கடைசி எதிரியைக் குறிவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் திரை கறுத்தது. ஃபேனும் நின்றது. பிளாஸ்டிக்கும் பெயிண்ட்டும் கலந்த மாதிரி ஒரு வாடை.

பெட்டியின் மூடியைத் திறந்தோம். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கண்ணாடிக்காரன் குனிந்து பஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒல்லியைப் பார்த்தான். ஒல்லி வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணா, இது எங்களுக்கு ரெண்டாவது செமஸ்டரு பாடம். உள்ள இருக்கிற சூட்ட வெளிய வுடாம வச்சிக்கிறதுக்குத்தாண்ணா இத ஒட்டுறது" என்றான் கண்ணாடிக்காரன்.

"அப்ப நாங்க சூளை கட்டியிருக்கோம்" என்றான் மைத்துனன், வேறு யாரோ செய்த வேலையைப் பற்றிச் சொல்வது போல.

"கட்டிட்டீங்க. பொம்ம வச்சிருந்தா வெந்திருக்கும்."

மனைவி ஒயர் போகிற ஓட்டையை ஒரு தடவை விரலால் தொட்டுக் காட்டினாள். அதுதான் பெரிய அடி. போதாததற்கு எனக்கும் மைத்துனனுக்கும் முழங்கை வரை அரிப்பு ஆரம்பித்தது. அந்தப் பஞ்சு அரிக்குமாம். அதுவும் இரண்டாவது செமஸ்டராம்.

மெஷினைத் தூக்கி மேசை மேல் வைத்து, பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி, விசிறியால் வீசினோம். ஆறின பிறகு மனைவிதான் பட்டனை அமுக்கினாள், எனக்குத் தைரியமில்லை. உயிர் இருந்தது. உடனே திருகை முழுசாக ஏற்றினேன். நாலு ஃபேனும் சேர்ந்து கத்தின. பக்கத்துக் கண்ணாடியும் இல்லாததால், கருவேப்பிலங்குறிச்சி ஏற்றத்தில் பழைய பஸ் ஏறுகிற மாதிரி இருந்தது.

அவ்வளவுதான், அறை போய்விட்டது என்று நினைத்தேன். வாசற்படியில் போய் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். உள்ளே ஒல்லியும் கண்ணாடியும் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தார்கள். திருகுப் பக்கம் யாரும் போகவில்லை. வீட்டுக்காரர் கதவு இப்போது திறக்கும், இப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்தம்மா மட்டும் எட்டிப் பார்த்தார். நான் எழுந்து நின்று, இதோ குறைத்துவிடுகிறேன் என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்து, "கொறட்ட வுட்டுத் தூங்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள். எனக்கு, தூங்குகிற மனிதரை இந்தச் சத்தம் எந்த நிமிஷமும் எழுப்பிவிடுமே என்றுதான் தோன்றியது. உள்ளே போனேன். நம்பர் அறுபத்திரண்டு. கொஞ்சம் இறக்கலாம். குனிந்து, பூனை மாதிரி, திருகைக் கால் சுற்று இறக்கினேன். ஃபேன் முனகி அடங்கியது.

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. கதவு திறந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"யாரு இப்ப அதுல கை வச்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டே பார்த்தான். சத்தத்தைக் குறைக்கத்தான் அண்ணே, என்றேன்.

"ஒங்கள யாரு கொறைக்கச் சொன்னது தம்பி? ராத்திரி பூரா நான் ஒக்காந்திருக்கிற மெசினு போடுற சத்தத்துல இது காவாசி இல்ல. சத்தம் ஒரே மாதிரி இருந்தா அதும்பாட்டுக்கு இருக்குது, நானும் தூங்கிடுவேன். இப்ப முழுசா ஏத்துனப்ப ஒரு தடவ முழிச்சேன், அப்புறம் சத்தம் மாறல, தூங்கிட்டேன். நீங்க ஏத்துறீங்க, எறக்குறீங்க, ஏத்துறீங்க, எறக்குறீங்க. சுரங்கத்துல சத்தம் மாறுனா எதுவோ ஒடையப் போவுதுன்னு அர்த்தம். தூக்கத்துலயே எனக்குக் காலு பிரேக்கத் தேடுது. பக்கத்துல படுத்திருக்கிறவள ஒதைக்கிறேன்."

அந்தம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்று தலையாட்டினார்.

மூன்று மாதமாக நான் அவர் தூக்கத்தைக் காப்பாற்ற எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் அவரை எழுப்பியிருக்கிறது. மெஷின் ஒருநாளும் எழுப்பவில்லை. என் கவலைதான் எழுப்பியது. எந்தச் சத்தம் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டிருந்தால் போதும். கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஒன்பதாவதையே பாஸ் செய்திருப்பேன்.

வீட்டுக்காரரே உள்ளே வந்து மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். திருகை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், பாதிக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தில் நிறுத்திக் காதைச் சாய்த்துக் கேட்டார். "இதுல நிக்கட்டும்." கொஞ்ச நேரம் ஆடிப் பார்க்கச் சொன்னோம். நம்பர் அறுபத்தாறுக்குப் போய், அங்கேயே நின்றது. அறுபத்தேழுக்குப் போகுமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் மனைவி குனிந்து திருகின் மூடியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதை என் விரலால் திருப்ப முடியாது. அப்புறம் முயன்று பார்த்தேன், முடியவில்லை.

"அப்ப காலி பண்ண வேணாமாண்ணே?" என்றேன்.

"நான் எப்பத் தம்பி காலி பண்ணச் சொன்னேன்?" என்று அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா கூரையைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "நீங்க இருக்கிறதா இருந்தா, வாடக?" என்றார்.

இரண்டாவது மாதம் அந்தம்மா வந்து நின்றபோதே, எப்படியும் காலி பண்ணத்தான் போகிறோம், முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். என் மனைவிக்கு அது தெரியாது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசை டிராயரை இழுத்து, இருந்ததை எல்லாம் எண்ணி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். ஒல்லி அன்றைய காசை அப்போதே கொடுத்தான், அதையும் சேர்த்தாள். அது போக நாங்கள் தர வேண்டிய பாக்கி, ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.