எட்டுப் பெட்டியும் ஒரு மெமோவும்

ஒரு ரூமுக்குள்ள எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்னு அளந்து சொல்ற தொழில்ல ஒரே ஒரு விதிதான்: ரூம் எப்பவும் சரி, நாம மாட்டின பெட்டிதான் தப்பு. கரன்ட் மீட்டர் படிக்கிறவங்களுக்கும், ரத்தம் எடுத்துப் பாத்து "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு"ன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிறவங்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

செல்போன்ல கேமரா வந்து, கம்பெனி கேட்ல அதைப் பிடுங்கி வெக்க ஆரம்பிச்ச நேரம். நான் ஓசூர்ல டேட்டா லாகர் விக்கிற கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியர். டேட்டா லாகர்னா பெரிசா ஒண்ணுமில்ல, சோப்பு டப்பா அளவுல ஒரு பெட்டி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரூமோட சூட்டையும் ஈரப்பதத்தையும் அளந்து, வயரே இல்லாம ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எத்தனையோ இடத்துல மாட்டியிருக்கேன். ஒரு மாத்திரை கம்பெனியில ஒரு மாச ட்ரயலுக்கு எட்டுப் பெட்டி மாட்டினதை மட்டும் இப்பச் சொல்றேன்.

கொம்பு வெச்ச பெட்டி

கேப்ஸ்யூல் ஸ்டோர்லதான் பிரச்சனை. காலி கேப்ஸ்யூல்ல ஈரம் ஏறினா ஊறின அவல் மாதிரி ஆயிடும். அப்படி ரெண்டு லாட் வீணாப் போயிருந்துச்சு. பழி ஸ்டோர் இன்சார்ஜ் கமலாக்கா தலையில. மத்திகிரியில வாடகை வீடு, மூணு வருஷம் கான்ட்ராக்ட்ல மாரடிச்சு அப்பத்தான் பர்மனன்ட் ஆகியிருந்தாங்க. சாயங்காலம் போறப்ப கதவைச் சரியா சாத்தறதில்லைன்னு, தரம் பாக்கற க்யூ.ஏ. மேனேஜர் மெமோ கொடுத்துட்டார். ட்ரயல் முடிஞ்சதும் விசாரணை. வேலையே போனாலும் போகும்.

"கதவை நான் நல்லாத்தான் சாத்தறேனுங்க மேடம். காலையில தொறந்தா உள்ள பிசுபிசுன்னு இருக்குது. ராத்திரி அந்த மெஷினு ஓடுதான்னு பாருங்கன்னு மொத நாளே சொன்னேன், யாரும் காதுல வாங்கல"ன்னாங்க. மெஷின்னு அவங்க சொன்னது, ஸ்டோருக்கு வெளிய நின்னு உள்ள காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற டீஹ்யூமிடிஃபையரை. "கவலைப்படாதீங்கக்கா, என் பெட்டி பொய் சொல்லாது"ன்னு வீறாப்பா சொல்லிட்டு எட்டையும் மாட்டினேன்.

மறுநாள் போனா, எட்டுப் பெட்டிக்கும் தலையில போடுற நைலான் தொப்பியை மாட்டி விட்டிருக்காங்க! மேல இருந்த பெட்டிக்குக்கூட கம்பால எம்பி மாட்டியிருக்காங்க. இது கேமரா இல்ல, யாரையும் படம் பிடிக்காதுன்னு தலையில அடிக்காத குறையா சத்தியம் பண்ணேன். பேக்கிங் பாக்கற பொண்ணு ஒருத்தி ஆன்டெனாவை விரலால தட்டிப் பாத்துட்டுக் கேட்டா: "கேமரா இல்லைன்னா அதுக்கு எதுக்குங்க கொம்பு?"

நாளைய ஈரப்பதம்

பெட்டி வர்றதுக்கு முன்னாடி கையால எழுதின ரெஜிஸ்டர் ஒண்ணு இருந்துச்சு. அதை எழுதறது மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பாண்டி அண்ணன், மதுரைப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன். புரட்டினேன். காலையில இருபத்து நாலு டிகிரி, ஈரப்பதம் நாப்பத்தஞ்சு. மத்தியானம் அதே. சாயங்காலம் அதே. மழை பேஞ்ச அன்னிக்கும் அதே. இமயமலை குகையில கூட இவ்வளவு நிதானம் இருக்காது.

அதாவது பரவால்ல. அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. புதன், வியாழன் கட்டமும் அழகா ரொம்பியிருந்துச்சு. "அண்ணே, இது நாளைக்கு உள்ளதாச்சே?"ன்னேன். மனுஷன் கொஞ்சமும் அசரல. "அதுக்கென்னம்மா, நாளைக்கும் இதே ரூம்தான இங்கன இருக்கப்போகுது?"

வயரும் வழியும்

ஒரு வாரம் ஒழுங்கா ஓடிச்சு. திடீர்னு மூணு பெட்டி கம்ப்யூட்டர்ல காணோம். ஸ்கூட்டியை விரட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தா, பெட்டிக்கும் ஆபீசுக்கும் நடுவுல மாத்திரை அட்டைக்கு உண்டான அலுமினிய ஃபாயில் ரோலை மச்சு உசரத்துக்கு அடுக்கி வெச்சிருக்காங்க. சிக்னல் எங்கே போகும்?

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர் ஆனேக்கல்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பெட்டிக்கு நேரா வழி விட்டு அடுக்குங்கன்னு கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். அவர் வண்டியை ஆஃப் பண்ணிட்டு நிதானமா இறங்கி வந்தார். "ஏனு மேடம், வயரே வேணாம்ங்கிறீங்க, அப்புறம் வழி விடுங்கிறீங்க. ரெண்டுல எது நெஜம்?"

ஆறு மணி

ரெண்டு வாரத்துக் கிராஃபை எடுத்துப் பாத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கல. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஈரம் ஏறுது, மறுநாள் காலையில ஆளுங்க வந்த அப்புறம் இறங்குது. கமலாக்கா சொன்னது அப்படியே இருக்கு. மெஷின் ராத்திரி ஓடுதான்னு பாண்டி அண்ணன்கிட்ட கேட்டேன். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, ரெஜிஸ்டரைப் பாரு"ன்னுட்டார்.

சரின்னு காகிதத்தைத் தூக்கிக்கிட்டு மேனேஜர்கிட்ட ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தார். ஆறு மணிங்கறது கமலா வீட்டுக்குக் கிளம்பற நேரமாச்சே, கதவைத் திறந்து போட்டுட்டுப் போனா ஏறத்தானே செய்யும்னார். அக்காவைக் காப்பாத்தறேன்னு போய் நானே அவங்க கழுத்துக்குக் கயிறு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. அவர் என்னை மெச்சிக்கிட்டார் வேற: "உங்க பெட்டி ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா, நான் சொன்னதையே சொல்லுது."

சந்தனம்

ட்ரயல் முடியற வாரம் ஆயுத பூஜை வந்துச்சு. புதன்கிழமை சாயங்காலம் பூஜை, அதுக்கப்புறம் நாலு நாள் லீவு. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. நான் ஒன்பது மணிக்கே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஏழு பெட்டியில புதன் சாயங்காலம் ஈரப்பதம் தொண்ணூத்தி ஒன்பதுக்கு எகிறி அங்கேயே நிக்குது.

ஓடிப் போய்ப் பாத்தா, பெட்டியில காத்துப் போறதுக்கு விட்ட ஓட்டையெல்லாம் சந்தனம்! நடுவுல குங்குமம், கொம்புல கதம்பம். நாலு நாள்ல காஞ்சு சிமென்ட் பூசின மாதிரி அடைச்சுக்கிச்சு. "யாருக்கா இந்த வேலை பாத்தது? மூளை இருக்கா?"ன்னு கத்திட்டேன். அப்படிக் கத்தினதுக்கு இன்னிக்கும் வெட்கப்படறேன். கமலாக்கா கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னாங்க. "எல்லா மெஷினுக்கும் வெச்சேன். என்னைக் காப்பாத்தப்போற பெட்டிக்கு வெக்காம வந்தா நல்லாவா இருக்கும் கண்ணு?"

எட்டாவது பெட்டி

ஒரே ஒரு பெட்டிக்குத்தான் சந்தனம் இல்ல. கூரையை ஒட்டி இருந்ததால அக்காவுக்குக் கை எட்டல. அதோட கிராஃபை எடுத்தேன். புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற ஆரம்பிச்ச கோடு, வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறுன்னு இறங்கவே இல்ல. அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. நேரா மேனேஜர் முன்னாடி போய் நின்னேன். "சார், லீவுக்கு ஸ்டோரைப் பூட்டி, கதவுல காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டது நீங்க. இன்னிக்குக் காலையில பிரிச்சதும் நீங்க. நாலு நாளா கதவை யார் திறந்து வெச்சது?"

அவர் எழுந்து நடந்தார். நேரா டீஹ்யூமிடிஃபையர்கிட்ட போனோம். அதுக்குப் பொட்டு வெச்சு, சாமந்தி மாலை போட்டு, சுவிட்சை அணைச்சு வெச்சிருந்தாங்க. பூஜைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாதுல்லன்னார் பாண்டி அண்ணன். சரி, மத்த நாள்ல சாயங்காலம் ஏன் ஏறுதுன்னு மேனேஜர் கேட்டார். அண்ணன் ஒளிக்கல, மறைக்கல: "ஆளே இல்லாத ரூமுக்கு எதுக்கு சார் மெஷினு? ஆறு மணிக்கு ஆஃப் பண்ணிட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

விசாரணை

விசாரணை பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. பாண்டி அண்ணனுக்கு மெமோகூட இல்ல, "இனிமே பாத்துக்கங்க"ன்னு வாய்ல சொன்னதோட சரி. கமலாக்காவோட மெமோவை ரத்து பண்ணிக் காகிதம் கொடுத்தாங்க. எங்களுக்கு எட்டுப் பெட்டிக்கும் ஆர்டர் கிடைச்சுது. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன், அக்கா என் கையைப் பிடிச்சு நன்றி சொல்லப் போறாங்கன்னு. மேனேஜர்கூட சிரிச்சுக்கிட்டே, பெட்டி உண்மையைச் சொல்லிடுச்சு கமலான்னார்.

அக்கா சிரிக்கல. காகிதத்தை நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, அவரை நேராப் பாத்துச் சொன்னாங்க: "அது ஒரு மாசம் கழிச்சுச் சொன்னதைத்தான் நான் மொத நாளே சொன்னேன் சார்."

ரூம்ல இருக்கிற ஈரத்தைக் கண்டுபிடிக்க எட்டுப் பெட்டி போதும்; ஒரு பொம்பள சொல்றதைக் காதுல வாங்க வெக்க எத்தனை பெட்டி வேணும்னு எங்க கம்பெனி கேட்லாக்ல இன்னி வரைக்கும் போடல.