இருபத்திரண்டு கறுப்புக் கட்டங்கள்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நந்திதுர்க் லைன் வீடுகளில் பிறந்த நளினியின் மேல் கை ஓங்கிய முதல் ஆள் அவள் புருஷன் அனில் இல்லை. கான்வென்ட்டில் தமிழ் பேசியதற்கு விரல் முட்டியில் ஸ்கேல் உடைந்தது. சுரங்கத்தில் மேஸ்திரியிடம் காட்ட முடியாத கோபத்தை, ஷிப்ட் முடிந்து மேலே வந்த அப்பா பக்தவச்சலம் இவள் முதுகில் காட்டினார். அடி வாங்கி வாங்கியேதான் அந்தப் பெண் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து, ஓமனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியை ஆனாள். லேசுப்பட்ட காரியமா?

அனிலுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். விடியற்காலை ரயிலில் நசுங்கிக்கொண்டு பெங்களூர் போய் வருகிறவன் அவன். பெண்டாட்டியை ஊரே ‘மேடம்’ என்று கூப்பிட்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷா வருஷம் ஜூலை லீவில் வந்தவள் புதுத் தழும்போடுதான் திரும்புவாள். அப்புறம் ஏன் வந்தாளாம்? அப்பா இருமிக்கொண்டு கிடந்த வரைக்கும் அவருக்காக வந்தாள். அவர் போன பிறகு பழக்க தோஷத்தில் வந்தாள்.

இந்த வருஷம் பல்கலைக்கழகம் ஒரு நிபந்தனை போட்டது. ஆசிரியர் பயிற்சியை முடித்தால்தான் அடுத்த ஒப்பந்தம். பயிற்சியின் கடைசிக் கட்டம், ஒரு வகுப்பை மூத்த ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்து கவனிப்பது. அவர் வாய் திறக்கக் கூடாது. எந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு ஐம்பது நிமிஷமும் நடந்தாக வேண்டும், பாதியில் நின்றால் செல்லாது. கோடைக்கால வகுப்பு ஆன்லைனில் என்பதால் வீட்டிலிருந்தே நடத்தலாம். கடைசித் தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அங்கே வேலைநாள், இங்கே அனில் வீட்டில் இருக்கும் நாள்.

ஓமனிலிருந்தே திரையில் கவனிக்க வந்தவள் ஜெசிந்தா. பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக்காரி, பல்கலைக்கழகத்தில் நளினிக்கு சீனியர். மாணவிகள் இருபத்திரண்டு பேர். வீட்டிலிருந்து படிக்கும் அந்த ஊர்ப் பெண்கள் கேமரா போடுவதில்லை, திரையில் கறுப்புக் கட்டமும் பெயரும்தான் தெரியும். முந்தின வாரம் எட்டிப் பார்த்த அனில் சிரித்தான்.

“யார்கிட்ட பேசிக்கினு கீறே? வெறும் கட்டம்தானேடீ!”

அவள் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு அறை விழும்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் கதவு படாரென்று திறந்தது.

“ஞாயித்துக்கெழமை மனுசனுக்கு சோறு இல்ல. மகாராணிக்கு இன்னா கிளாஸு? இன்னிக்கோட முடிஞ்சுதுடீ உன் ஓமனு!”

உள்தாழ் போட்டான். கையிலிருந்த ஹெல்மெட் அவள் நெற்றியில் இறங்கியது. ரத்தம் புருவத்தில் வழிந்தது. அடுத்த அடி லேப்டாப்புக்கு என்று தெரிந்ததும் நளினி அதைச் சுவரோரம் தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டிக் குறுக்கே குனிந்துகொண்டாள்; கேமரா மட்டும் மறையவில்லை. முதுகு ஆறும், லேப்டாப் போனால் போனதுதான். ஹெல்மெட் முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது. முடியைப் பிடித்து இழுத்தான், இடுப்பில் உதைத்தான். பாவி, மாட்டைக்கூட யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு முனிரத்தினம் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஜெசிந்தா வாய் திறக்கவில்லை. வலது கை எழுதிக்கொண்டே இருந்தது. இடது கை ஆண்டர்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஆஸ்டினுக்குச் செய்தி அனுப்பியது.

ஆஸ்டினும் இரண்டு ஆட்டோக்காரர்களும் கதவை உதைத்துத் திறந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தொன்று. அனிலின் மூக்கில் ஒரு குத்து விட்டு, காலரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனார்கள்.

“அக்கா, ஆஸ்பத்திரிக்கு வாங்க,” என்றான் ஆஸ்டின்.

“பத்தொம்போது நிமிசம் கீது, இரு,” என்றாள் நளினி. துப்பட்டாவை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்கே விட்டோம் என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒரு கட்டத்திலிருந்து அழுகையோடு ஒரு குரல் பக்கத்தைச் சொன்னது. பன்னிரண்டு ஐம்பதுக்கு வகுப்பை முடித்த பிறகுதான் சாய்ந்தாள்.

ஏழு தையல். சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் அனில், “கால் தடுக்கி விழுந்துட்டா சார்,” என்றான். முனிரத்தினம் எதுவும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார். “அட்ஜஸ்ட் மாடிக்கொள்ளம்மா,” என்று கன்னடத்தில் அனுசரித்துப் போகச் சொன்னார் எஸ்.ஐ.

ஜெசிந்தா அனுப்பி, ஆஸ்டின் ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்த தாள்களை மேஜையில் வைத்தான். நம்ம ஊர் நேரம் பன்னிரண்டு பதினைந்து, ஹெல்மெட்டால் நெற்றியில் அடி. பதினாறு, முதுகில் மூன்று அடி. பத்தொன்பது, இடுப்பில் உதை. இப்படி இரண்டு பக்கம். கீழே பல்கலைக்கழக முத்திரை. கூடவே இருபத்திரண்டு கடிதங்கள், ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்ததைப் பெயர் போட்டு எழுதியது.

“அதுல ஆளுங்க இருந்தாங்களா?” என்றான் அனில்.

எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். புத்தகத்தை எடுத்தார்.

மறுநாள் ஜெசிந்தா போனில் வந்தாள். கவனித்தவர், வகுப்பு எடுத்தவரிடம் பேசிப் பதிவு செய்தால்தான் பயிற்சி முடியும்.

“ஒரே கேள்வி பாக்கிடீ. அதை எல்லார்கிட்டயும் கேட்டாவணும். இதே வகுப்பை மறுபடி எடுத்தா இன்னா மாத்துவே?”



“மொத அடிக்கே கத்துவேன்க்கா,” என்றாள் நளினி. “பதினோரு வருசமா பக்கத்து வூட்டுக்குக் கேக்கக்கூடாதுன்னு வாயைப் பொத்திக்கினு அழுதேன். அவங்களுக்குக் கேட்டுக்கினேதான் இருந்துச்சு.”

ஜெசிந்தா அதை அப்படியே எழுதி, தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டாள்.