கனிமெத் கேட்ட டிரிப்ஸ்

முப்பத்தொரு குளிர்காலம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர் கனிமெத். ஒருநாள்கூட வகுப்பறையைக் குளிரவிட்டதில்லை. அந்தக் கரித்தூள் நுரையீரலில் தங்கிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மூச்சு முட்டி, நான் நர்ஸாக இருக்கும் மருந்தகத்தின் படியில் வந்து உட்காருவார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள இந்த நாரின் மலையில் ஆளில்லை.

இந்த ஜனவரியிலும் வந்தார். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்து, மாவட்ட டாக்டரிடம் போனில் கேட்டு, மூச்சிழுப்புக்கான பிரெட்னிசலோன் எட்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். தினமும் காலையில் எட்டு, ஐந்து நாள், அவ்வளவுதான் என்றேன். மனிதர் மாத்திரையைப் பார்க்கவே இல்லை.

"டிரிப்ஸ் ஏத்து தங்கச்சி."

தலையில் அடித்துக்கொண்டேன். அதே மருந்துதான் அண்ணே, வாய் வழியாகப் போனாலும் நரம்பு வழியாகப் போனாலும் அதே வேலைதான் செய்யும், முழுங்க முடிகிறவருக்கு ஊசி எதற்கு என்று எத்தனை தடவை சொல்வது? முணுமுணுத்துக்கொண்டே முழுங்கினார்.

அதே வாரம் பக்கத்து வீட்டு ஷம்ஷிக்கும் இதே இழுப்பு. கருவி காட்டிய எண்கூட ஒன்றுதான். அவருடைய மகன்கள் மூன்று பேரும் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து, பனி மூடிய கணவாயைத் தாண்டி நகர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து நாள் டிரிப்ஸ். ஊரே மெச்சியது. பாவம் கனிமெத், அவரை மட்டும் நான் மாத்திரையோடு கைகழுவிவிட்டேனாம்.

மூன்றாம் நாள் கனிமெத் மூச்சு வாங்காமல் பேசினார். எட்டாம் நாள் வாசல் பனியைத் தள்ளினார். ஷம்ஷி திரும்பி வரப் பன்னிரண்டு நாளாயிற்று. மூச்சு கனிமெத்துக்கு இருக்கிற அளவுதான். கை முழுக்க நீலத் தழும்பு, ஏறிய சர்க்கரை, தொலைந்த தூக்கம் எல்லாம் உபரி. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி ஊருக்குக் காட்டலாமா என்றிருந்தது.

மறுநாள் கனிமெத் வந்து நிற்கிறார். மறுபடியும் டிரிப்ஸ் வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூச்சு நல்லாத்தானே இருக்கு? இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தனக்கு மூச்சு முட்டிய அன்றே, பிஷ்கெக்கில் டாக்சி ஓட்டும் மகன் உலுக்பெக்குக்குப் போன் செய்தாராம். வெறும் மாத்திரைதானா, அப்படியென்றால் பயமில்லை என்று அவன் வைத்துவிட்டானாம். அவன் முகத்தைப் பார்த்து மூன்று வருடமாகிறது.

"ஷம்ஷிக்கு மூணு பேரும் வந்தானுங்க. எனக்கும் ஒரு பாட்டில மாட்டி போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பேன். வெறும் தண்ணியா இருந்தாலும் பரவால்ல."

திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். எண்ணை வாங்கி நானே உலுக்பெக்கைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பா மாத்திரையிலயே பொழச்சுட்டாரு. பொழச்சவரப் பாக்க வரமாட்டியா நீ?"

கணவாய் திறந்திருக்கிறதா என்று கேட்டான்.

"ஷம்ஷி பசங்களுக்குத் திறந்துதான் இருந்துச்சு" என்றேன்.