இடது கையால் விடை கொடுத்தவர்

போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்துக்குள் என்னை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் குற்றம் எதுவும் செய்யவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டை என் கையில் இல்லை, அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் அந்த அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் கணக்குப் பார்த்துத் தனியே வைத்திருந்துதான் வெளியே விடுவார்கள். சனிக்கிழமை போகலாம் என்றார்கள்.

அந்த நேரத்தில் ஜனக்புரியில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலிருக்கும் மருத்துவமனையில், என் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். தீபாவளிக்குப் பிறகு டெல்லியைப் பிடிக்கிற புகை இந்த முறை அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள் என்று டாக்டர் என் கணவரிடம் சொல்லியிருந்தார். மெட்ரோவில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் நான் அங்கே இருப்பேன். ஆனால் போக முடியாது.

சகோதர சகோதரிகளே, நான் சபையில் எழுந்து சாட்சி சொல்லிப் பழகினவள் இல்லை. வெடுக்கென்று பேசுகிற சுபாவம், பொறுமையும் கிடையாது. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். காம்பியாவில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில், ரத்தத்தில் மலேரியா கிருமியைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு ஆறும் அதன் இரண்டு கரையும்தான் அந்த நாடு. நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

உண்மையைச் சொன்னால் அது ஊழிய வாஞ்சை இல்லை. களைப்பு. அம்மா போன பிறகு ஏழு வருஷமாக அப்பா எங்களோடுதான். அவருக்குக் காது கேட்காது, நடக்க முடியாது, ராத்திரி பகல் என்று இல்லாமல் கூப்பிடுவார். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, அவரையும் பார்த்து, எனக்கு உடம்பு விட்டுப்போயிருந்தது. மூன்று மாதமாவது யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு இடம் வேண்டும் என்றிருந்தது.

ஆகஸ்டில் புறப்படுகிற அன்று அப்பா வாசலை மறித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "டெல்லில இல்லாத கொசுவா? அங்கன போயித்தான் பாக்கணுமாளா?" என்றார். டாக்ஸி வந்து நிற்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் காதில் விழ வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "உங்களப் பாத்துப் பாத்தே என் காலம் போயிட்டுப்பா." அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு வழி விட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன்.

காம்பியாவிலும் களைப்புதான். மழைக்காலம். கரண்ட் வரும், போகும். வெளிச்சத்துக்காக மைக்ரோஸ்கோப்பை ஜன்னலுக்கு இழுத்துப்போட்டு வேலை பார்த்தோம். அங்கே இருந்த இரண்டு பெண்களும் கெட்டிக்காரர்கள், ஒரு மாதத்திலேயே கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

அங்கே லாமின் என்று ஒரு காவல்காரர். ஐம்பது வயது இருக்கும். தொழுகையை ஒரு வேளை விடமாட்டார். காலையில் கேட்டருகில் நின்று விசாரிக்க ஆரம்பிப்பார். தூங்கினீர்களா, கணவர் எப்படி இருக்கிறார், வீடு எப்படி இருக்கிறது, அப்பா எப்படி இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் 'அங்கே இருக்கிறார்கள்' என்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் அந்த ஊர் மரியாதை. விசாரித்து முடிக்காமல் காரியத்தைப் பேசமாட்டார்கள். டெல்லியில் ஜல்தி ஜல்தி என்றே பழகிய எனக்கு அது தாங்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்கும்போது மனது வேறு குத்தியது. ஒருநாள் காலையில், தினமும் இதையே கேட்காதீர்கள், எனக்கு வேலை இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் அவரிடம் கடுகடுத்துவிட்டேன். மறுநாளும் அவர் கேட்டார். கேள்வியைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

அக்டோபர் கடைசியில் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. பயணத்தை முன்னால் நகர்த்திக்கொண்டு, அவசர அவசரமாகச் சாமான்களைக் கட்டினேன். வண்டியில் ஏறப்போகும்போது லாமின் வந்து கையை நீட்டினார். இடது கை. நம்மில் யாராவது இடது கையை நீட்டுவார்களா? அவர்களுக்கும் இடது கை ஆகாது, அதை நானே பார்த்திருக்கிறேன். அன்று நான் திட்டியதற்குப் பழி தீர்க்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கையைத் தொடாமல் வண்டியில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டெல்லியில் அதிகாரி அட்டையைக் கேட்டபோதுதான், அதை எங்கே வைத்தேன் என்பது பளிச்சென்று ஞாபகம் வந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று மைக்ரோஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடித் தகடுகளுக்கான மரப்பெட்டியில் போட்டிருந்தேன். எந்தக் காகிதமானாலும் அதில் போடுவது எங்கள் தொழிலில் பழக்கம். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். போனில் படம் அனுப்பினால் செல்லாது, அசல் அட்டைதான் வேண்டும் என்றார்கள்.

என் கணவர் தடுப்பூசி போட்ட இடத்துக்கு ஓடினார். நகல் வேண்டுமானால் நானே பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும் என்றார்கள். நானோ உள்ளே. சரி, அப்பாவிடம் போனிலாவது பேசலாம் என்றால், அவர் முகத்தில் மூச்சுக்கு மாஸ்க் கட்டியிருந்தது, காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அவரைத் தவிர அதை மாட்டத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். கணவர் போனைத் திருப்பி அப்பாவின் முகத்தைக் காட்டினார். நான் "அப்பா, அப்பா" என்று கத்தினேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காம்பியா போன பிறகு நான் அவரோடு பேசவே இல்லை, கடைசியாக என் வாயிலிருந்து அவர் கேட்டது அன்று வாசலில் சொன்ன வார்த்தைதானே என்று நினைத்து, கொண்டுவந்த சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன்.

அன்று மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். நீண்ட ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, அப்பாகிட்ட சொன்ன வார்த்தையத் திரும்ப வாங்கணும். ஒரே ஒரு தடவை அவரைப் பாக்கணும். அது போதும்" என்றேன். கண்ணை மூடியபோது லாமினின் முகம்தான் வந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. வேறு வழி காட்டும் என்று மறுபடி ஜெபித்தேன். மறுபடியும் அதே முகம். சுகாதார நிலையத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் அந்தக் கேட்டருகில் மட்டும்தான், அட்டையை எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்றால் அங்கே போன் எடுக்கிறவர் அவர் ஒருவர்தான். இது எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் அந்த ஒரு நாளை வீணாக்கினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிடுவது?

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன். எடுத்ததும் லாமின் விசாரிக்க ஆரம்பித்தார். பயணம் எப்படி இருந்தது, கணவர் எப்படி இருக்கிறார், வீடு எப்படி இருக்கிறது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது நான் உடைந்துபோனேன். "அங்கே இருக்கிறார், இன்னும் இருக்கிறார்" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கணவரின் நம்பரையும் கொடுத்தேன். இடது கை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் போன் கிடைக்கவில்லை.

புதன்கிழமை முழுக்க ஜன்னலருகில் உட்கார்ந்திருந்தேன். வெளியே புகை, விமானங்களின் சத்தம் மட்டும் கேட்டது. ஜெபம்கூடச் செய்யவில்லை. சோர்ந்துபோய்விட்டேன். நம் சபையார் எனக்காக ஜெபிக்கிறார்கள் என்று கணவர் சொன்னார். சரி, அவர்களாவது செய்யட்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கீழே கம்பிக் கதவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கணவர் நின்றிருந்தார். அவரோடு ஒரு வயதான சர்தார்ஜி, கையில் பெட்டி. காம்பியாவில் இரும்புக் கடை வைத்திருக்கிறவராம். டெல்லியில் அப்போதுதான் இறங்கியிருக்கிறார். என் மஞ்சள் அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

அவர் ஹிந்தியில் சொன்னது இது. லாமின் செவ்வாய்க்கிழமையே பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு, வேனிலும் படகிலுமாக ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து தலைநகருக்கு வந்திருக்கிறார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மறுநாள் விடிந்ததிலிருந்து விமான நிலைய வாசலில் நின்று, இந்தியர் மாதிரித் தெரிகிற ஒவ்வொருவரிடமும் போய், வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று முழுதாக விசாரித்துவிட்டு, அதன் பிறகுதான் டெல்லிக்கா போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பலர் விலகிப் போய்விட்டார்கள். சர்தார்ஜி நின்று பதில் சொன்னார். என் கணவரின் நம்பரை அட்டையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார் லாமின்.

"பெஹன்ஜி, அவர் இன்னொன்றும் சொல்லச் சொன்னார்" என்றார் சர்தார்ஜி. "நீங்கள் அவருடைய இடது கையை வாங்காமல் போய்விட்டீர்களாம். தூரப் பயணம் போகிறவர்களுக்கு அங்கே இடது கையால்தான் விடை கொடுப்பார்கள். வேண்டுமென்றே செய்கிற தப்பு அது. அதைச் சரி செய்ய, போனவர் திரும்பி வர வேண்டும், வலது கையைக் கொடுக்க வேண்டும், அதுதான் அர்த்தம். உங்களுக்குக் கோபம் இல்லையே என்று கேட்கச் சொன்னார்."

எனக்குக் கோபமா என்று அவர் கேட்கிறார். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அதிகாரி அட்டையைப் பார்த்தார், சரி பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்கு நான் அப்பாவின் கட்டிலருகில் இருந்தேன்.

டிராயரிலிருந்து காது மெஷினை எடுத்து, மாஸ்க்கின் வாரை லேசாக நகர்த்தி மாட்டினேன். "அப்பா, நான்தான்" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். அன்று வாசலில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எழுதிவைத்து ஒப்பித்த மாதிரி இல்லை, குழறிக் குழறித்தான் சொன்னேன். அவர் மாஸ்க்கைக் கையால் விலக்கினார்.

"நீ சொன்னது பொய்யில்லளா" என்றார். கொஞ்ச நேரம் இளைத்துவிட்டு, "நீயும் கொஞ்சம் மூச்சு விடணும்லா. அதான் நாற்காலிய நவுத்துனேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காம்பியாவில் நடந்ததையெல்லாம் கேட்டார். லாமினைப் பற்றிச் சொன்னேன். அவர் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம், பிறகு தூங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நான் பக்கத்தில் இருக்கும்போதே, கர்த்தரிடம் போய்விட்டார். சனிக்கிழமை வெளியே வந்திருந்தால் நான் சவப்பெட்டியைத்தான் பார்த்திருப்பேன்.

அடக்கத்துக்கு வந்த ஒரு சகோதரி, அந்த லாமினுக்கு நீங்கள் ஆண்டவரைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டார். அந்த மனுஷருக்கு நான் சொல்லிக்கொடுத்தது எதுவுமில்லை, கற்றுக்கொண்டதுதான் அதிகம் என்றேன். அப்பாவுக்காகத் தானும் ஜெபித்ததாக லாமின் பிறகு போனில் சொன்னார். எந்த ஜெபத்துக்குப் பதில் வந்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

களைப்பு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் வேலை முடிந்து வரும்போது கால் இழுக்கிறது. ஆனால் வெடுக்கென்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தால் இப்போது நிறுத்திப் பார்க்கிறேன். பாதி நேரம் நிறுத்த முடிகிறது.

நான் கேட்டது அப்பாவை ஒரே ஒரு தடவை பார்க்க. ஆண்டவர் எனக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுத்தார். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தால், இன்றைக்கே முழங்காலில் நில்லுங்கள். அழகான ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. யாருடைய முகம் கண்ணில் வருகிறதோ, பிடிக்காவிட்டாலும் அவரைக் கூப்பிடுங்கள். என்னை மாதிரி ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.