டேரல் மாட்டியதும் வெர்லா கழற்றியதும்

வெர்லா ஹட்சன்ஸுக்குப் பள்ளி பஸ் ஓட்டும் வேலை. அமெரிக்காவின் மிசௌரி மலைச்சாலையில் நாற்பத்தெட்டு வாண்டுகளைக் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தே அடக்கிவிடுவாள். அவளால் அடக்க முடியாத ஒரே ஆள் அவள் புருஷன் டேரல்.

டேரல் லாரிக்காரன். பத்து நாளைக்கு ஒரு முறைதான் வீட்டில் தலை காட்டுவான். வீடோ ஊருக்கு வெளியே. கூப்பிட்டால் போலீஸ்காரர் ஷெரிஃப் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் தனியாக இருப்பவளுக்கு ஒரு ரைஃபிள் வாங்கிக் கொடுத்தான். அத்தோடு விட்டானா? போகிற வழியிலெல்லாம் அதற்கு ஒரு நகை வாங்கி வந்தான். வெர்லா கேட்டது இரண்டே இரண்டு: இருட்டில் எதிரே நிற்பது யாரென்று காட்ட ஒரு டார்ச், தோளில் மாட்ட ஒரு வார். அவற்றோடு லேசர், முன்பிடி, தொலைநோக்கி, தரையில் விரித்து நிறுத்த இரண்டு கால் என்று எல்லாம் வந்து ஏறின. இருபதடிக் கூடத்துக்குத் தொலைநோக்கி எதற்கு என்று கேட்டால், இருந்துவிட்டுப் போகட்டுமே என்பான். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை பூட்டமாட்டார்கள்.

மார்ச் மாதம் ஒரு நாள், விடியும் முன் வெர்லா காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது பின்கதவு தடதடவென்று ஆடியது. ஓடிப்போய் ரைஃபிளை எடுத்தாள். அந்த இரண்டு காலும் திரைச்சீலையில் சிக்கி, சீலை கம்பியோடு அவள் தலைமேல் விழுந்தது. முக்காட்டுக்குள் நின்றபடி டார்ச் பொத்தானைத் தேடினால் லேசர் எரிந்தது. தட்டுத் தடுமாறி டார்ச்சை எரியவிட்டு ஜன்னல் வழியே பார்த்தபோது, கதவில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது பக்கத்துப் பண்ணைக் கழுதை. வெர்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வந்தது வேறு யாராவதாக இருந்திருந்தால் தன் கதி என்ன என்று நினைத்து உண்மையாகவே பயந்தாள்.

டேரலிடம் மூச்சு விடவில்லை. ஆசையாக வாங்கி வந்தவன் முகம் சுருங்கிவிடும். அவன் லாரி கிளம்பியதும், டார்ச்சையும் வாரையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகக் கழற்றி, மாதாமாதம் நடக்கும் துப்பாக்கிச் சந்தையில் மேசை போடும் அண்ணன் ராய்ஸிடம் விற்கக் கொடுத்தாள். டேரலும் கவனிக்கவில்லை. புதியதை மாட்டும் குஷியில் பழையதை யார் பார்ப்பது?

ஏப்ரலில் சந்தை நாளும் டேரல் வீட்டில் இருந்த நாளும் ஒன்றாக வந்துவிட்டன. டேரல் நேரே ராய்ஸின் மேசைக்குப் போய் நின்றான். வியாபாரம் என்று வந்தால் ராய்ஸுக்குத் தங்கையும் தெரியாது, தங்கை புருஷனும் தெரியாது. "அதிகம் புழங்காத சாமான், மாப்பிள்ளை" என்று கூசாமல் அந்த இரண்டு காலை எடுத்து நீட்டினான்.

பாதி விலைக்கு அடித்துவிட்டேன் என்று டேரல் துள்ளிக்கொண்டு வந்தான். மாட்டுவதற்காகச் சமையலறை மேசையில் அதைத் திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான். அடியில் ஆணியால் கீறிய வெர்லாவின் முதலெழுத்து. அவளுக்கென்று வாங்கும் எதிலும் அப்படிக் கீறி வைப்பது அவன் வழக்கம்.

"இது நான் கிறுக்கினதாச்சே."

"ஆமா. நாந்தான் கழட்டிக் குடுத்தேன்" என்றாள் வெர்லா. திரைச்சீலை, கழுதை என்று ஒன்று விடாமல் சொன்னாள். விழுந்து விழுந்து சிரிப்பான் என்று பார்த்தால், அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"ரோட்டுல கெடந்து உன்னையே நெனச்சு நெனச்சு வாங்கினேன். ஒண்ணுகூடவா உதவல?"

"டார்ச் உதவுச்சே. கழுதை மூஞ்சி பளிச்சுன்னு தெரிஞ்சுது."

அவன் சிரித்துவிட்டான். கண்ணையும் துடைத்துக்கொண்டான். "சரி, உனக்கு என்னதான் வேணும்?" என்றான்.

வெர்லா ரைஃபிளை எடுத்துவந்தாள். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தோளில் வைத்துக் காட்டினாள். தோளில் பதியும் பின்கட்டை அவளுக்கு அநியாய நீளம். கை எக்கிக்கொண்டு நின்றது. கடையிலிருந்து வரும்போதே நீட்டவும் சுருக்கவும் வசதியோடு வந்த கட்டை அது. வாங்கிய அன்று தன் கைக்கு அளவு வைத்த டேரல் அதோடு மறந்துவிட்டான்.

டேரல் எழுந்து வந்து, அவள் முழங்கையை மடக்கிப் பார்த்து, கட்டையை ஒரு படி உள்ளே தள்ளினான்.

"இப்ப?"

"இன்னும்."

மூன்றாவது படியில் அது அவள் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்றாள் வெர்லா.